கீச்சுச் சத்தம் எந்தத் தாளத்தில் வருகிறது?

விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய கென்சிங்டன் சாலையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களைத் தவிர யாரும் இல்லை. என் மோட்டார் சைக்கிளை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓட விடாமல், கையால் தள்ளிக்கொண்டு போனேன். வேகத்தடை மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. பின்சக்கரம் ஏறியது. 'கீச்' என்றது.

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து பத்து நாளாக என்னை விரட்டிய சத்தம் அது. சேலத்திலிருந்து மேலே போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஒழுங்காகத்தான் ஏறியது. இறங்கி வரும்போதுதான் பெட்ரோல் டேங்குக்கு அடியில், என் முழங்கால்களுக்கு நடுவில், ஒரு கீச்சல் தொடங்கியது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும் எங்கோ ஒரு தகடு 'கடகட' என்று அடித்துக்கொண்டது. ஊருக்கு வந்து டேங்கைக் கழற்றினேன், ரப்பர்களை மாற்றினேன், கைக்கு எட்டிய இடமெல்லாம் கிரீஸ் வைத்தேன். இரண்டும் அப்படியே இருந்தன.

கடைசியில் அல்சூர் சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். சாவியைத் திருப்பப் போனவனைத் தடுத்தார். "ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. சத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடுறத முதல்ல விடுங்க. எதோட சேர்ந்து வருதுன்னு பாருங்க. சக்கரத்தோட வருதா, இன்ஜினோட வருதா, ரோட்டோட வருதா? அதைச் சொன்னா பாதி வேலை முடிஞ்சுது."

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

காது ஏமாறும் இடம்

சத்தம் வரும் இடத்தை நம் காதுகள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். வலப்பக்கம் ஒரு காக்கை கரைந்தால், அந்த ஒலி வலக்காதை முதலில் எட்டி, இடக்காதைச் சற்றே தாமதமாக எட்டுகிறது. அந்தத் தாமதம் அதிகம் போனால் விநாடியில் 0.0007 பங்கு. இவ்வளவு சிறிய இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் மூளை திசையைச் சொல்கிறது. ஹெல்மெட் போட்டவுடன் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. காதுமடலை நுரைப்பஞ்சு மூடிக்கொள்கிறது. காற்றின் இரைச்சல் மீதியை விழுங்கிவிடுகிறது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாலும் வண்டி நம்மை ஏமாற்றும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. இரும்பில் அது சுமார் 5,000 மீட்டர். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு போல்ட்டில் பிறக்கும் கீச்சல், 2 மீட்டர் நீளச் சட்டத்தின் மறுமுனையை 0.0004 விநாடியில் தொட்டுவிடும். போல்ட் சிறியது, சுற்றியுள்ள காற்றைத் தள்ளி ஒலி எழுப்ப அதற்குப் போதிய பரப்பு கிடையாது. பெட்ரோல் டேங்க் அகலமான மெல்லிய தகடு. சட்டம் வழியாக வந்த அதிர்வை வாங்கிக்கொண்டு அதுதான் உரக்கப் பேசுகிறது.

வீணையில் நடப்பதும் இதுதான். தந்தி தனியாக எழுப்பும் ஒலி நம் காதுக்கு அரிதாகவே எட்டும். அதன் அதிர்வைக் குதிரை வழியாகக் குடம் வாங்கி, பெரிய பரப்பால் காற்றை அசைத்து, அரங்கம் முழுக்கக் கேட்க வைக்கிறது. என் டேங்க் பத்து நாளும் வேறு யாரோ மீட்டிய தந்திக்குக் குடமாக இருந்திருக்கிறது. நானோ குடத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு சின்ன சத்தம் இன்ஜினின் ஓசையை மீறி எப்படிக் கேட்கிறது? காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழல். விநாடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெரிதாக்கித் தருகிறது. நம் கேட்கும் திறன் 2,000 முதல் 5,000 வரைதான் மிகக் கூர்மையானது. கீச்சல்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் விழுகின்றன. அவற்றின் ஆற்றல் மிகக் குறைவாக இருந்தாலும் காது அவற்றைத் தேடிப் பிடித்துவிடும்.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். வண்டியில் பல கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் தாளம் போடுகிறது.

முதல் கடிகாரம் சக்கரம். சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அதை விரலால் தட்டி எண்ணலாம். அதே வேளையில் இரண்டாவது கடிகாரமான இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் அது விநாடிக்கு 33 சுற்று. விநாடிக்கு இருபதைத் தாண்டிய தட்டல்களைக் காது தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒன்றாக உருக்கி ரீங்காரமாக்கிவிடும். ஆகவே ஓடும் வண்டியில் எண்ண முடிகிற சத்தம் என்றால் முதலில் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். எண்ண முடியாத ரீங்காரம் என்றால் இன்ஜினை.

சக்கரம்தான் என்று உறுதி செய்ய ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியைத் தள்ளுங்கள். ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் கோடு அதே இடத்தில் நின்றால் குற்றவாளி சக்கரத்தோடு சுற்றுகிறான்: டயர் பள்ளத்தில் மாட்டிய கல், தளர்ந்த ஸ்போக், லேசாக வளைந்த டிஸ்க். கோடு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் செயினைப் பாருங்கள். பின்பக்கப் பல்சக்கரத்தில் 38 பற்களும் செயினில் 100 கண்ணிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். இறுகிப்போன ஒரே ஒரு கண்ணி இருந்தால் அந்த விசித்திரமான இடைவெளியில்தான் 'டக்' என்னும்.

இன்ஜினுக்குள்ளும் இரண்டு காலம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு முறைதான் சுற்றுகிறது. பாடகர் ஒரே பாட்டை முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் பாடுவதுபோல, ஒன்றுக்கு மற்றது சரியாக இரு மடங்கு. வண்டி நின்றபடி 1,000 சுற்றில் உறுமும்போது வால்வுப் பகுதியின் தட்டல் விநாடிக்கு எட்டு முறை வரும். கிராங்கோடு ஒட்டிய தட்டல் பதினாறு முறைக்கு மேல். 'டேப்பெட் சத்தம்' என்று தெரு முனையிலேயே கண்டுபிடித்துச் சொல்லும் மெக்கானிக்கின் காது, இந்தப் பாதிக் கணக்கைத்தான் பிடித்திருக்கிறது. பெரிய வாகன ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் கணினித் திரையில் ஒலியை இன்ஜின் சுற்றோடு வகுத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

மூன்றாவது கடிகாரம் சாலை. இது தாளம் தப்பியது. பள்ளமும் மேடும் வரும்போது மட்டும் அடிக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது, வேகத்தடையில் பின்சக்கரம் ஏறினால் மட்டும் கீச்சென்றால், இன்ஜினும் முன்பக்கமும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. கென்சிங்டன் சாலையில் அந்த ஒரு தள்ளலில் என் பத்து நாள் தேடல் வண்டியின் பின்பாதிக்குச் சுருங்கியது.

வயலின் வில்லும் துருப்பிடித்த கம்பியும்

கீச்சலும் கடகடப்பும் ஒரே குடும்பம்போலத் தோன்றும். பிறப்பு வேறு வேறு.

கீச்சல் உராய்வின் பிள்ளை. பாரமான பீரோவைத் தரையில் நகர்த்திப் பாருங்கள். அசைக்கத்தான் கஷ்டம்; அசைந்துவிட்டால் எளிதாக வழுக்கும். நிற்கும் பொருளின் உராய்வு பெரும்பாலும் வழுக்கும் பொருளின் உராய்வைவிட அதிகம். ஒன்றோடொன்று அழுந்திய இரண்டு பரப்புகள் இதனால் ஒட்டிக்கொள்கின்றன, பின்னால் இருக்கும் உலோகம் வில்போல வளைந்து இழுக்கிறது, இழுப்பு மிஞ்சியதும் சட்டென்று வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடந்தால் நமக்குக் கீச்சென்று கேட்கிறது.

வயலின் தந்தியை வில் இசைக்க வைப்பதும் இதே வழியில்தான். வில்லில் தடவிய பிசின் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மீண்டும் பிடிக்கிறது. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இந்த அசைவைக் கண்டு விளக்கினார். அதன் இயக்கவியலை விரிவாக எழுதியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கல்கத்தாவில் ஆய்வு செய்த காலத்தில், 1918இல், வில் போட்டு இசைக்கும் தந்திகளைப் பற்றி அவருடைய நூல் வெளிவந்தது. வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் துல்லியமாக மாற்றிப் பார்க்க, வயலினை இயந்திரத்தால் வாசிக்கும் அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். நோபல் பரிசு தந்த ஒளிச்சிதறல் ஆய்வுக்கு முன்பே அவர் ஒலியில் ஊறியவர். 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்காகப் பெங்களூருக்கு வந்தார். 1948இல் தம் பெயரிலேயே ஆய்வகம் தொடங்கினார். 1970இல் மறையும்வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அல்சூரில் ஒரு வண்டியின் கீச்சலைத் துரத்துகிறவன் அவர் நடந்த பாதையின் ஓரத்தில்தான் நடக்கிறான்.

வயலினில் விரும்பிச் செய்வதை வண்டியில் தடுக்க வேண்டும். வழிகள் மூன்று. மசகிட்டு, ஒட்டலை ஒழிக்கலாம். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்ட நம் முன்னோர் செய்தது அதைத்தான். இரண்டு பரப்புகளுக்கும் நடுவே ரப்பரோ நைலானோ வைத்துப் பிரிக்கலாம். அல்லது வழுக்கவே முடியாதபடி இறுக்கிவிடலாம். ரப்பர் புஷ் கீச்சிடுகிறதென்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. அது பல ரப்பர்களை உப்பிப் பதம் கெடச் செய்யும். ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ்தான் ஏற்றது.

ஒரு தாள் கனம்

கடகடப்பு மோதலின் பிள்ளை. மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பொருளை அடியிலிருந்து அதிர வைத்தால், எந்த நிலையில் அது தளத்தை விட்டுக் குதிக்கும்? தளத்தின் கீழ்நோக்கிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்சும் கணத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது அதிர்வு விநாடிக்கு 50. அந்த அதிர்வில் தளம் மேலும் கீழும் தலா 0.1 மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், மேலிருக்கும் பொருள் குதித்துவிடும். 0.1 மில்லிமீட்டர் என்பது நாம் அச்சிடும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம். கண்ணுக்கே தெரியாத அந்த அசைவில் நம்பர் பிளேட், டூல் பாக்ஸ் மூடி, சைலென்சர் மேல் மூடும் தகடு எல்லாம் எழுந்து விழுந்து தாளம் போடும். எதுவும் தன் எடையால் மட்டும் அமர்ந்திருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

நம் ஊர் வண்டிகளுக்கே உரிய ஒரு கடகடப்பும் உண்டு. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. அதனால் வந்தது சாரி கார்டு. உயிர் காக்கும் பொருள். கழற்றிப் போட்டுவிடாமல் அதன் பிடிப்புகளுக்கு ரப்பர் வாஷர் போடுவதே சரியான வைத்தியம்.

ஆனால் ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்? ஒவ்வொரு பாகத்துக்கும் தனக்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. இன்ஜினின் தாளம் அதைத் தொட்டதும் ஒத்ததிர்வு பிறக்கிறது. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல, சிறு உந்தல் பெரிய ஆட்டமாகிறது. நீண்ட பயணத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு புதிர் காத்திருக்கிறது. பின்பக்கக் கேரியரில் பையைக் கட்டியதும் பாரம் கூடுகிறது; பாரம் கூடினால் இயல்பு அதிர்வெண் இறங்கும். கேரியரில் அசையும் பாரம் இரு மடங்கானால் 3,000 சுற்றில் வந்த சத்தம் சுமார் 2,100 சுற்றிலேயே வந்துவிடும். ஊரில் கேட்காத சத்தம் மலைப்பாதையில் கேட்பதும், மலையில் கேட்டது வீட்டு வாசலில் காணாமல் போவதும் இதனால்தான். சத்தத்தைத் தேடும்போது, கேட்ட நாளில் இருந்த அதே பாரத்தைக் கட்டிக்கொண்டுதான் தேட வேண்டும்.

போல்ட் ஏன் தளர்கிறது?

இறுக்கி வைத்த போல்ட் தானாகத் தளர்வதற்கு அதிர்வு காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வகை அதிர்வு என்பதை 1969இல் தெளிவாகக் காட்டியவர் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்கே பக்கவாட்டில் வரும் வழுக்கல்தான் அதை வேகமாகக் கழற்றுகிறது. விரலில் இறுகிய மோதிரத்தை நேராக இழுத்தால் வராது. இப்படியும் அப்படியும் அசைத்தால் வந்துவிடும். உராய்வு ஒரு திசையில் தோற்றுப்போய் வழுக்கத் தொடங்கினால் மற்ற திசையிலும் காவல் காக்க அதற்கு வலு இருப்பதில்லை. போல்ட்டின் மரை என்பது உருளையைச் சுற்றிய சாய்தளம்; காவல் விலகிய கணத்தில் நட்டு அந்தச் சரிவில் மெல்ல இறங்குகிறது.

யுங்கரின் முறையில் சோதித்தபோது, நாம் நம்பிப் போடும் பிளந்த ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவவில்லை என்று தெரிந்தது. நைலான் வளையம் வைத்த நட்டும், மரையில் விடும் பூட்டுப் பசையும் மேல். அந்தப் பசையை 1953இல் உருவாக்கியவர் வெர்னான் கிரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர். காற்றில் இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால் கெட்டியாகும். கடையில் வாங்கும்போதே அந்தப் புட்டி பாதிக்கு மேல் காலியாக இருப்பது ஏமாற்று வேலை இல்லை. உள்ளே இருக்கும் காற்றுதான் பசையைக் கெட்டியாகாமல் காக்கிறது.

விரல், தண்ணீர், செந்தூள்

அண்ணன் கடையில் இதற்கென்று விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. அதன் முனையை இன்ஜினின் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்கிறார். காற்றைத் தவிர்த்துவிட்டு இரும்பு வழியாகவும் எலும்பு வழியாகவும் ஒலி நேராக உள்ளே போகிறது. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதன் தங்கை முறை இது. இன்ஜின் ஓடும்போது இதைச் செய்ய அனுபவம் வேண்டும். செயின் பக்கம் கை போகவே கூடாது. இன்ஜினை ஓட விட்டுச் செயினைத் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது கருவி விரல் நுனி. தோலுக்கு அடியில் உள்ள ஒரு வகை நரம்பு முனைகள் விநாடிக்கு 250 அதிர்வுகளை ஒட்டி மிகக் கூர்மையாக உணர்கின்றன. மைக்ரான் அளவிலான அசைவுகூட அவற்றுக்கு எட்டும். நம்பர் பிளேட்டின் விளிம்பில் அண்ணன் விரலை வைத்தார். 3,000 சுற்றில் அடித்த கடகடப்பு நின்றது. எடுத்தார், திரும்ப வந்தது. ஒரு நட்டும் இரண்டு ரப்பர் வாஷரும் போட்டதில் அந்தக் கதை முடிந்தது.

மூன்றாவது கருவி தண்ணீர் பாட்டில். சந்தேகமான மூட்டு ஒவ்வொன்றிலும் சில துளி விட்டு வண்டியை அமுக்கிப் பார்த்தோம். ஷாக் அப்சார்பரின் புஷ்ஷில் விட்டார், கீச்சல் நிற்கவில்லை. சென்டர் ஸ்டாண்டின் அச்சில் விட்டார், நிற்கவில்லை. கேரியரின் இடப்பக்கக் காலில் விட்டார். சத்தம் அப்படியே அடங்கியது. தண்ணீர் காய்ந்ததும் மீண்டும் கீச்சிட்டது. இரண்டு பரப்புகள் உராயும் இடத்தை இதைவிட மலிவாக எந்த ஆய்வகமும் காட்டாது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். போல்ட்டின் தலையைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட் மேல், குங்குமத்தை விரலால் தேய்த்ததுபோல ஒரு செம்பழுப்பு வளையம். இரும்பும் இரும்பும் மயிரிழை அளவு உராயும்போது உதிரும் நுண்துகள் காற்றில் துருவாகி நிற்கும் தூள் அது. அதன் நடுவே, பிடிப்புத் தகட்டின் அடியில், கண்ணாடிபோல மினுக்கும் ஒரு வட்டம். ஏற்காட்டுக்குக் கிளம்பும் முந்தைய இரவு அந்தக் கேரியரை மாட்டியவன் நான்தான். அவசரத்தில் அந்த ஒரு போல்ட்டை முழுவதும் இறுக்கவில்லை. அண்ணன் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டு, அளந்து இறுக்கினார். பிறகு நட்டிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். "கோடு ஒடைஞ்சிருந்தா நட்டு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க, போதும்."

இறுகாத போல்ட் கீச்சிட்டது எனக்கு நல்லதாகப் போயிற்று. சத்தமில்லாமல் கழன்றிருந்தால் பையோடு கேரியரும் பின்சக்கரத்தில் விழுந்திருக்கும். சத்தம் எரிச்சலூட்டுவது உண்மைதான். ஆனால் உலோகம் தேய்வதற்கும் உடைவதற்கும் முன்னால் நமக்கு அனுப்பும் கடிதமும் அதுதான். புதிதாக வந்த சத்தம், நாளுக்கு நாள் வளரும் சத்தம், பிரேக்கோடும் ஹேண்டில்பாரோடும் சேர்ந்து வரும் சத்தம் ஆகிய மூன்றையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சில சத்தங்களைத் தேட வேண்டியதே இல்லை. அன்று மாலை நகரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். கீச்சல் இல்லை, கடகடப்பு இல்லை. இன்ஜினை அணைத்ததும் சைலென்சர் பக்கம் 'டிக்' என்றது. பழைய பழக்கத்தில் குனிந்தேன். பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். 1 மீட்டர் இரும்புக் குழாய் 250 டிகிரி குளிரும்போது 3 மில்லிமீட்டர் சுருங்குகிறது. பிடிப்புகளில் ஒட்டியும் வழுக்கியும் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. அங்கேயும் அதே வில், அதே தந்தி. முதலில் டிக், டிக் என்று நெருக்கமாக வந்தது. சூடு குறையக் குறையக் குளிரும் வேகமும் குறையும்; ஆகவே இடைவெளி நீண்டது. டிக்... சற்று நேரம் கழித்து இன்னொரு டிக். எதோடு சேர்ந்து வருகிறது என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். கடைசி டிக் கேட்கும்வரை ஏரியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.